300 மீட்டர் போகுமாம், 30 மீட்டரில் என்ன பயம்?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். 1970களில் வட கடலில் எண்ணெய்க் குழாய் வேலைக்கு ஓடிய சிறு நீர்மூழ்கி ஒன்று ஐரோப்பாவில் விலைக்கு வந்திருக்கிறதாம். இரண்டு பேர் இருக்கலாம், 300 மீட்டர் இறங்கும். கொழும்புக்கு வெளியே 30 மீட்டரில் மூழ்கிக் கிடக்கும் கப்பல்களைக் காட்ட ஆட்களை ஏற்றலாம், கடலடியில் சில்லறை வேலையும் எடுக்கலாம் என்று மச்சான் சொல்கிறார். கூடவே ஒரு முகவர். பங்குக்கு முற்பணம் கேட்கிறார்கள். "300க்குப் போனது 30இல் என்ன செய்யப்போகிறது, பயப்பட ஏதும் இருக்கிறதா?"

இருக்கிறது. முற்பணத்தை இப்போதைக்குக் கொடுக்காதீர்கள்.

முகவர் உங்களுக்குக் காட்டியது ஆழக் கணக்கு மட்டும்தான், அதுதான் அவருக்கு வசதி. 2023இல் டைட்டானிக்கைப் பார்க்கப் போன டைட்டன் என்ற நீர்மூழ்கி நசுங்கியதால் எல்லோருக்கும் ஆழம்தான் பயம். இந்தச் சிறு நீர்மூழ்கிகளின் பழைய விபத்துகளைப் பார்த்தால் கயிறும் காற்றும்தான் திரும்பத் திரும்ப வரும்.

1973 ஜூனில் புளோரிடாவின் கீ வெஸ்டுக்கு அப்பால் ஜோன்சன் சீ லிங்க் என்ற நீர்மூழ்கி நாலு பேரோடு இறங்கியது. சுமார் 110 மீட்டர். மீன்களுக்கு வீடாக இருக்கட்டும் என்று வேண்டுமென்றே மூழ்கடித்த பழைய போர்க்கப்பல் ஒன்றின் சிதைவில் மாட்டிக்கொண்டது. நீர்மூழ்கியின் உடம்புக்கு ஒரு கீறல் இல்லை, தண்ணீர் உள்ளே வரவில்லை. ஆனால் நாம் விடும் மூச்சிலுள்ள காபனீரொட்சைட்டை உறிஞ்ச உள்ளே ஒரு இரசாயனத் தூள் வைத்திருப்பார்கள், அது குளிரில் சரியாக வேலை செய்யாது. பின் அறை அலுமினியம், கடலின் குளிர் நேரே உள்ளே ஏறிவிட்டது. முன் அறை தடித்த அக்ரிலிக், அவ்வளவு குளிரவில்லை. வண்டியை மேலே கொண்டுவர ஒரு நாளுக்கு மேல் போனது. முன்னால் இருந்த இருவர் பிழைத்தார்கள், பின்னால் இருந்த இருவர் பிழைக்கவில்லை. இறந்தவர்களில் ஒருவர் அந்த நீர்மூழ்கியை வடிவமைத்த எட்வின் லிங்கின் சொந்த மகன்.

அதே வருடம் ஓகஸ்ட் 29, அயர்லாந்துக்கு அப்பால் பைசிஸ் 3 என்ற நீர்மூழ்கி. தொலைபேசி வடம் பதிக்கும் வேலை முடிந்து மேலே வந்தாயிற்று. தாய்க்கப்பல் இழுக்கும்போது கயிறு பின்பக்க மூடியில் சிக்கிப் பிடுங்கிவிட, இயந்திர அறைக்குள் தண்ணீர் புகுந்து, 480 மீட்டருக்குப் போய்விட்டது. ரோஜர் சாப்மன், ரோஜர் மலின்சன் என்ற இருவரும் 76 மணித்தியாலம் அடியில் கிடந்தார்கள், வெளியே எடுத்தபோது மிச்சமிருந்தது 12 நிமிடத்துக்கான ஒட்சிசன். அவர்களை மீட்கப் போனவற்றில் ஆளில்லாத ஒரு அமெரிக்க இயந்திரமும் இருந்தது. பிறகு எண்ணெய்க் கம்பனிகள் அந்தப் பக்கமே சாய்ந்துவிட்டன. மேலேயிருந்து வடத்தில் ஓட்டும் கமரா இயந்திரத்துக்கு மூச்சு வேண்டாம், செத்தால் வழக்கும் இல்லை. உங்கள் முகவருக்கு அந்தப் பழைய வண்டி மலிவாகக் கிடைப்பதும் அதனால்தான்.

"30 மீட்டர்தானே, மூடியைத் திறந்து நீந்தி வந்துவிடலாம்" என்று அடுத்ததாகச் சொல்வார். அந்த ஆழத்தில் அறுபது சென்ரிமீட்டர் அகல மூடியின் மேல் எட்டுத் தொன்னுக்கு மேல் தண்ணீர் அழுத்திக்கொண்டிருக்கும். உள்ளே தண்ணீர் விட்டு அழுத்தத்தைச் சமப்படுத்தினால் ஒழிய அதை ஒரு மனிதன் தள்ள முடியாது. சுற்றுலாவுக்கு வந்தவர் இருளில் நெஞ்சளவு தண்ணீரில் அதற்காகக் காத்திருப்பாரா? 2025 மார்ச்சில் எகிப்தின் ஹுர்காதாவில் சுற்றுலா நீர்மூழ்கி மூழ்கி ஆறு பேர் இறந்ததும் கரைக்குக் கிட்டத்தான்.

சரி, கடதாசிக்கு வருவோம். என் வயிற்றெரிச்சல் இதில்தான். "லொயிட்ஸ் சான்றிதழ் இருக்கிறது" என்று ஒரு போட்டோகொப்பி காட்டுவார்கள். திகதியைப் பாருங்கள். லொயிட்ஸ் போன்ற கப்பல் தரச் சங்கங்கள் சோதித்துக் கொடுக்கும் இந்தச் சான்றுக்குத்தான் 'கிளாஸ்' என்று பெயர். அது ஒருமுறை வாங்கிச் சட்டம் போட்டு மாட்டுவதல்ல, வருடா வருடம் சங்கத்தின் சர்வேயர், அதாவது கப்பல் சோதிப்பவர், வந்து பார்த்தால்தான் உயிரோடு இருக்கும், இல்லாவிட்டால் அது வெறும் நினைவுப் பத்திரம். யன்னல்களைக் கழற்றி விளிம்பைப் பார்க்கச் சொல்லுங்கள். விதிப்படி செய்த அக்ரிலிக் யன்னல் என்றால் செய்த ஆண்டு அங்கே பொறித்திருக்கும். அதற்குப் பொதுவாகக் கொடுக்கும் ஆயுள் பத்து வருடம். ஓரத்தில் தலைமயிர் போல நுண்கீறல் தெரிந்தால் பொலிஷ் போட்டுத் தரச் சம்மதிக்காதீர்கள், பேச்சை அத்தோடு முடியுங்கள்.

இங்கே மடக்குவதற்கு அவர்கள் கையில் ஒரு உதாரணம் தயாராக இருக்கும்: "அல்வினுக்கே கிளாஸ் இல்லையே!" உண்மைதான், ஆனால் பாதி உண்மை. 1964இலிருந்து ஓடும் அல்வின் என்ற ஆய்வு நீர்மூழ்கி அமெரிக்கக் கடற்படையின் சொத்து. அதைச் சோதித்துச் சான்று கொடுப்பது கடற்படையே, அந்தச் சோதனை எந்த கிளாஸ் சங்கத்துக்கும் இளைத்ததல்ல. குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை முழுவதையும் கழற்றிப் பிரித்து, பாகம் பாகமாகப் பார்த்துத் திரும்பப் பூட்டுகிறார்கள். அந்த அல்வினே 1968இல் கடலில் இறக்கும்போது கம்பி அறுந்து ஆயிரத்து ஐந்நூறு மீட்டரில் போய்க் கிடந்தது, உள்ளே இருந்தவர்கள் தப்பியது அதிர்ஷ்டம். ஆகவே கிளாஸ் இல்லாமல் ஓட்டலாம், உங்களுக்குப் பின்னால் ஒரு கடற்படை நின்றால். மச்சானுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள்?

பயணி என்று எழுதாமல் 'ஆய்வு உறுப்பினர்' என்று எழுதலாம் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். டைட்டனிலும் காசு கட்டி ஏறியவர்களுக்கு 'மிஷன் ஸ்பெஷலிஸ்ட்' என்றுதான் பெயர்.

வண்டி நல்லது என்றே வைப்போம். தொன் கணக்கில் பாரமுள்ளதைத் தூக்கி இறக்கப் பாரந்தூக்கியோடு ஒரு தாய்க்கப்பல் வேண்டும், அந்தச் செலவு உங்களிடம் காட்டிய கணக்கில் இருக்காது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் காற்றில் கொழும்புப் பக்கக் கடல் இந்த வேலைக்கு உதவாது, வங்கி வட்டி மட்டும் ஓடும். அனுமதிக்கு அலைவதோ தனிக்கதை. ஒரு மேசையில் "இது கப்பலா?" என்பார்கள், அடுத்ததில் "இது சுழியோடும் உபகரணமா?" என்பார்கள், மூன்றாவது மேசையில் ஐயா லீவு. இதற்கென்று ஒரு படிவம் கூட இல்லாத இடத்தில் 'வேகமாக முடித்துத் தருகிறேன்' என்பவர் உங்கள் காசைத்தான் வேகமாக முடிப்பார்.

உங்களுக்குக் கடலடி வேலைதான் ஆசை என்றால், 30 மீட்டருக்கு நல்ல சுழியோடிகளும் பெரிய சூட்கேசில் அடங்கும் ஒரு கமரா இயந்திரமும் போதும், முதல் சீசனுக்கு அதையும் வாடகைக்கு எடுங்கள். இல்லை, அந்த நீர்மூழ்கிதான் வேண்டும் என்றால் சர்வேயரை நீங்களே பிடியுங்கள், காசும் நீங்களே கொடுங்கள், முகவர் அறிமுகப்படுத்தும் ஆள் வேண்டாம். வண்டி சரி என்று அந்தச் சர்வேயர் எழுத்தில் தரும்வரை முற்பணம் உங்கள் கணக்கிலேயே இருக்கட்டும். மச்சானிடம் நேரே சொல்லக் கூச்சமாக இருந்தால் பழியை என்மேல் போடுங்கள்.