பாடசாலையில் ஆய்வுகூட வேலை குறைவு, தரம் 10 மகளுக்கு வீட்டில் என்ன பரிசோதனை செய்து காட்டலாம்?

மட்டக்களப்பில் இருந்துகொண்டு வாவியை விடலாமா? வாவித் தண்ணீரின் உப்பை ஒப்பிட்டுப் பார்க்க நீரமானி (திரவத்தின் அடர்த்தியை அளக்கும் கருவி) ஒன்று செய்யச் சொல்லுங்கள்.

நீளமான ஸ்ட்ரோவின் அடியைக் களிமண்ணால் இறுக்கி அடைத்து, நிமிர்ந்து மிதக்கும்வரை உள்ளே மணல் போடட்டும். நல்ல தண்ணீரில் எங்கே நிற்கிறதோ அங்கே மெல்லிய கோடு. பிறகு ஒரு லீற்றருக்கு 10, 20, 35 கிராம் உப்புக் கரைத்து ஒவ்வொன்றிலும் கோடு. கடைசியது கிட்டத்தட்டக் கடல்நீர். உப்புக் கூடினால் அடர்த்தி கூடும், ஸ்ட்ரோ மேலே எழும். ஆக்கிமிடீசின் தத்துவம்தான்.

ஒன்று, வித்தியாசம் பெரிதாக இராது. 15 சென்ரிமீற்றர் மூழ்கினால் நல்ல தண்ணீருக்கும் கடலுக்கும் இடையில் 4 மில்லிமீற்றர்கூட வராது. தடித்த பேனையால் கோடு போட்டால் எல்லாம் வீண்!

சரி, இனி கல்லடிப் பாலத்தடியிலும் முகத்துவாரத்திலும் தண்ணீர் எடுங்கள் (பெரியவர் ஒருவர் கூடப் போகவேண்டும்). செப்டெம்பரில் ஒருமுறை, மாரி மழை கொட்டிய பிறகு இன்னொருமுறை. ஏன் மாறியது என்று அவளே சொல்லட்டும், நீங்கள் முந்திவிடாதீர்கள். சந்தேகம் வந்தால் 100 மில்லிலீற்றரை வற்றக் காய்ச்சி, மிஞ்சும் உப்பை நிறுத்துப் பார்க்கலாம்.