ஏற்றி இறக்கும் வழி – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். எனக்குத் தென்காசிப் பக்கம். தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மகன் சிலி நாட்டில், சாந்தியாகோவில் இருக்கிறான். அவனைப் பார்க்கப் போயிருந்தோம். ஆண்டிஸ் மலை ஏரிகளைப் பற்றி நீங்கள் எப்போதோ எழுதியது நினைவில் இருந்ததால், சிலியின் புவெர்ட்டோ வராஸிலிருந்து அர்ஜென்டினாவின் பாரிலோச்சேவுக்குப் படகும் பஸ்ஸுமாக மலையைக் கடக்கும் அந்த ஒருநாள் பயணத்துக்கு நானும் கணவரும் டிக்கெட் போட்டோம். ஆளுக்கு 200 டாலருக்கு மேல்.

காலையில் பஸ் ஏறியதிலிருந்து இரவு பாரிலோச்சேவில் இறங்கும்வரை மழை. ஒசோர்னோ எரிமலையைப் பார்க்கவில்லை. ட்ரொனடோர் சிகரத்தையும் பார்க்கவில்லை. நாலு பஸ், மூன்று படகு, ஒவ்வொன்றிலும் ஏறி இறங்கியதுதான் மிச்சம். கடைசி ஏரியில் ஒரு சின்னத் தீவருகே வந்ததும் கப்பல்காரர் மூன்று தடவை ஹாரன் அடித்தார். "மூட்டத்துல வேற படகு வந்து முட்டிரக் கூடாதுன்னு அடிக்கான்" என்றார் கணவர். ஊருக்கு வந்தபிறகும் சொல்லிக்காட்டுகிறார்: "பைக்காராவுல போட் ஏறியிருந்தா ஐந்நூறு ரூவாயோட முடிஞ்சிருக்கும். அங்கயும் மூடுபனிதான்."

என் நாத்தனார் ஜனவரியில் போவதாக இருக்கிறார். போகச் சொல்லவா, வேண்டாமா? அந்த இடத்தைப் பார்த்துவிட்டு வந்தோம் என்று நாங்கள்தான் சொல்லிக்கொள்ளலாமா?

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

முதலில் உங்கள் கணவரின் கட்சி. அவர் கேட்பது நியாயம். அந்தப் பயணத்துக்கான விளம்பரப் படம் எதை எடுத்தாலும் அதில் ஒசோர்னோதான் நிற்கும். 2,652 மீட்டர், கவிழ்த்துவைத்த புனல் மாதிரி, தலையில் பனி. அதைக் காட்டிக் காசு வாங்கிவிட்டு மேகத்தைக் காட்டினால் யாருக்கும் எரியத்தான் செய்யும். "மூட்டமும் ஓர் அழகுதானே" என்று நான் உங்களுக்கு ஆறுதல் சொல்லப்போவதில்லை. நான் போனபோது, நீங்கள் முதல் படகு ஏறிய பெத்ரொவே துறையில் அரைமணி நேரம் அந்த மலை திறந்திருந்தது. அது கிடைக்காமல் போனது நஷ்டம்தான். (டார்வினுக்குக் கிடைத்தது போல எல்லோருக்கும் கிடைக்குமா? 1835 ஜனவரியில், சிலோவே தீவில் நின்றிருந்த கப்பலிலிருந்து, ராத்திரியில் அந்த மலை நெருப்பைக் கக்கியதையே பார்த்துவிட்டார் மனிதர்.)

ஆனால் மழையைக் குறை சொல்ல தென்காசிக்காரருக்கு உரிமை இல்லை. ஆரியங்காவுக் கணவாய் வழியாக மேல்காற்று ஏறி வந்து குற்றாலத்தில் சாரலாக விழுவதும், அங்கிருந்து கொஞ்சம் கிழக்கே சங்கரன்கோவில் பக்கம் வந்தால் வெயில் காய்வதும் நீங்கள் பிறந்ததிலிருந்து பார்ப்பது. அங்கேயும் அதே கதைதான், அளவுதான் பெரிது. பசிபிக்கிலிருந்து வருகிற காற்று சிலிப் பக்கத்திலும் மலைமுகட்டிலும் எல்லாவற்றையும் கொட்டிவிடும். நீங்கள் மூன்றாவது படகு ஏறிய புவெர்ட்டோ பிளெஸ்டில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. பாரிலோச்சேவைத் தாண்டிக் கிழக்கே ஒரு மணி நேரம் போனால் மரம்கூடக் கிடையாது, மஞ்சள் புல்லும் முள்புதரும்தான். அலெர்செ என்று ஒரு மரம் அந்தக் காட்டில் உண்டு. சிலியில் அதில் ஒன்றை ஆராய்ந்து, 3,600க்கு மேற்பட்ட வளையங்களை எண்ணி 1993இல் வெளியிட்டார்கள். அந்த மரத்துக்கு நீங்கள் போன நாள் நல்ல நாள்.

இன்னொன்று. பெயுயாவில் சாப்பிட்டுவிட்டு ஏறினீர்களே இரண்டாவது பஸ், அது மண்சாலையில் கொண்டை ஊசி வளைவுகளாக ஏறி, 976 மீட்டரில் பெரெஸ் ரொசாலெஸ் கணவாயைத் தாண்டும். நாட்டு எல்லை அதுதான், நீரோட்டத்தின் எல்லையும் அதுதான். அந்த இடத்தில் பஸ்ஸின் முன்கண்ணாடிப் பக்கம் விழுந்த மழை ஃப்ரியாஸ் ஏரி, நவெல் வாப்பி ஏரி, லிமாய் ஆறு, ரியோ நெக்ரோ என்று போய் அட்லாண்டிக்கில் சேரும். பின்பக்கம் விழுந்தது நீங்கள் காலையில் கடந்த தோதோஸ் லோஸ் சாந்தோஸ் ஏரிக்கு இறங்கி, பெத்ரொவே ஆற்றோடு பசிபிக்குக்குப் போய்விடும். வெயில் நாளில் போகிறவர்களுக்கு இது வழிகாட்டி சொல்லும் தகவல் மட்டும்தான். நீங்கள் அது நடந்துகொண்டிருக்கும்போதே கடந்திருக்கிறீர்கள்.

இப்போது ஏறி இறங்கிய கதைக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது அதுதான். "ஏறி இறங்கியதுதான் மிச்சம்" என்று அலுத்துக்கொள்கிறீர்கள். அந்த வழியின் வரலாறே அதுதான்.

அது வேடிக்கை பார்ப்பதற்காகப் போட்ட வழி அல்ல. ஆதியில் மாப்புச்சே மக்கள் நடந்த தடம். 1670இல் நிக்கோலாஸ் மஸ்கார்தி என்ற சேசு சபைப் பாதிரியார் நவெல் வாப்பிக் கரையில் மடம் போட்டார், சில வருஷத்தில் கொல்லப்பட்டார். பிறகு வெகுகாலம் வழி தூர்ந்து கிடந்தது. 1850களில், சிலி அரசின் குடியேற்ற அதிகாரியாக இருந்த பெரெஸ் ரொசாலெஸ் (கணவாய்க்கு இவர் பெயர்தான்) ஏற்பாட்டில் ஜெர்மன் குடியேறிகள் சிலிப்பக்க ஏரிக்கரையில் வந்து இறங்கினார்கள். அவர்கள் வழிவந்த கார்லோஸ் வீடர்ஹோல்ட் 1895இல் மலையைத் தாண்டிப்போய், அர்ஜென்டினாப் பக்கம் ஒரு கடை வைத்தார். பாரிலோச்சே ஊர் அதைச் சுற்றித்தான் முளைத்தது. இதில் உங்கள் துறைக்கும் ஒரு பங்கு உண்டு. கார்லோஸுக்கு வந்த கடிதம் ஒன்றில் 'தோன் கார்லோஸ்' என்று எழுதுவதற்குப் பதிலாக 'சான் கார்லோஸ்' என்று, அதாவது 'திரு' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'புனித' என்று விலாசம் எழுதிவிட்டார்களாம். சான் கார்லோஸ் தெ பாரிலோச்சே என்று ஊருக்கு அதுவே பேராகிவிட்டது என்று அங்கே கதை சொல்வார்கள். தப்பு விலாசத்தால் கடிதம் தொலைந்து பார்த்திருப்பீர்கள், கடைக்காரர் புனிதரானதைப் பார்த்திருக்க மாட்டீர்கள்.

அந்தக் கடை எதை நம்பி இருந்தது? கம்பளி ரோமத்தை. கிழக்குப் புல்வெளியில் ஆடு. அந்த ரோமத்தை அட்லாண்டிக் துறைமுகத்துக்கு மாட்டுவண்டியில் கொண்டுபோக வாரக்கணக்கில் ஆகும். மேற்கே ஏரிகளைக் கடந்தால் சில நாளில் சிலியின் புவெர்ட்டோ மோண்ட். ஆகவே பொதி படகில் ஏறும், மறுகரையில் இறங்கும், வண்டியிலோ கோவேறு கழுதை மேலோ ஏறும், அடுத்த ஏரியில் இறங்கும், மறுபடி படகு. உங்கள் பெட்டி ஏறி இறங்கிய அதே துறைகள்தான். பின்னால் அர்ஜென்டினா எல்லையில் சுங்கத்தை இறுக்கியது, வியாபாரம் படுத்தது. ரிக்கார்தோ ரோத் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் படகையும் வண்டியையும் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று பார்த்து, பொதிக்குப் பதிலாக ஆளை ஏற்றினார். 1913 முதல் அது சுற்றுலா. அந்த வருஷ நவம்பரிலேயே அமெரிக்காவின் முன்னாள் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் இந்த வழியாகக் கடந்திருக்கிறார்.

1952 பிப்ரவரியில் இரண்டு இளைஞர்கள் எதிர்த்திசையில் வந்தார்கள், கையில் ஒரு ஓட்டை மோட்டார் சைக்கிள். சிலிப்பக்க ஏரியில், வேறொரு படகு இழுத்துச்சென்ற படகின் அடித்தட்டில் ஊறிய தண்ணீரைப் பம்பு அடித்து இறைத்துப் படகுக்கூலியைக் கழித்தார்கள். ஒருவர் ஆல்பெர்த்தோ கிரனாதோ. இன்னொருவர் எர்னெஸ்தோ குவேரா. அப்போது அவர் 'சே' ஆகியிருக்கவில்லை, மருத்துவப் படிப்பை முடிக்காத பையன். அவர் எந்த மலையைப் பார்த்தாரோ, கப்பலின் அடித்தட்டு நாற்றத்தை மறந்திருக்க மாட்டார்.

என் பங்குக்கு நானும் ஒரு சுமை கொண்டுபோனேன். நானும் பாரிலோச்சேவிலிருந்துதான் புறப்பட்டேன். மலைவளைவு என்றதும் பழக்கதோஷத்தில் சட்டைப்பையில் ஓர் எலுமிச்சம்பழம், வாந்தி வராமலிருக்க முகர்ந்துகொண்டே போக. கணவாய் வரைக்கும் அது வேலை செய்தது. பெயுயாவில் சிலியின் சோதனைச்சாவடி. பழம், விதை, தேன் எதையும் உள்ளே விடமாட்டார்கள், மறைத்தால் அபராதம். உறுதிமொழித் தாளில் 'உண்டு' என்பதற்கு நேரே பேனாவை வைத்துக்கொண்டு நான் நின்ற நிலை எனக்கே சிரிப்பாக இருந்தது. சோதனைக்காரப் பெண் பழத்தை வாங்கி, நகத்தால் லேசாகக் கீறி மோந்துபார்த்தார், தலையாட்டினார், பக்கத்திலிருந்த தொட்டியில் போட்டார். மலைவளைவெல்லாம் முடிந்திருந்தது. இருந்தாலும் அடுத்த படகில் ஏறும்போது சட்டைப்பையைத் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

அந்த ஹாரன். அது மூட்டத்துக்காக அடித்ததல்ல. உங்கள் கணவரிடம் சொல்லுங்கள், வெயிலடித்தாலும் அந்தத் தீவருகே மூன்று தடவை அடிப்பார்கள். தீவின் பெயர் சென்டினெலா, காவல் தீவு. அதில் பிரான்சிஸ்கோ மொரேனோவைப் புதைத்திருக்கிறார்கள். சிலியோடு அர்ஜென்டினாவுக்கு இருந்த எல்லைத் தகராறில் மலைமலையாக அளந்து தன் நாட்டுக்கு வாதாடியவர். அந்த உழைப்புக்கு அரசு கொடுத்த நிலத்தில், பிளெஸ்ட் துறையைச் சுற்றி ஏறக்குறைய 7,500 ஹெக்டேரை 1903இல் திருப்பிக் கொடுத்தார். இந்த இடம் இப்போது இருப்பது போலவே எல்லோருக்கும் இருக்கட்டும், யாரும் கைவைக்கக் கூடாது என்பது நிபந்தனை. அர்ஜென்டினாவின் தேசியப் பூங்காக்கள் அங்கிருந்துதான் தொடங்குகின்றன. நீங்கள் நனைந்துகொண்டே ஏறிய துறையைச் சுற்றி இன்னும் காடு நிற்பதற்கு அந்த மனிதர் ஒரு முக்கியக் காரணம். 1919இல் இறந்தார். 1944இல் எலும்புகளை அந்தத் தீவுக்குக் கொண்டுவந்தார்கள்.

மரியாதை செய்யத்தக்கவர்தான். ஆனால் அந்த ஹாரனைக் கேட்டபோது எனக்கு வேறொருவர் ஞாபகம் வந்தது. அந்த ஏரிப்பகுதியின் பூர்வகுடித் தலைவர் இனகாயல். மொரேனோ இளைஞராக அங்கே வந்தபோது இனகாயலின் கூடாரங்களில்தான் விருந்தாளியாக இருந்தார். பிறகு ராணுவம் வந்து நிலத்தைப் பிடித்தது, 1884இல் இனகாயல் சரணடைந்தார், கைதியானார். மொரேனோ அவரையும் குடும்பத்தையும் சிறையிலிருந்து எடுத்து, லா பிளாத்தா நகரில் தான் நடத்திய அருங்காட்சியகத்தில் கொண்டுபோய் வைத்தார். காப்பாற்றினார் என்று ஒரு தரப்பு சொல்லும். ஆனால் 1888இல் இனகாயல் அங்கேயே இறந்ததும், அவருடைய எலும்புக்கூடு அதே அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் சேர்ந்தது. தென்பகுதியில் அவர் மக்களிடம் திரும்பி வந்தது 1994இல், நூறு வருஷத்துக்கு மேல் கழித்து. விருந்து கொடுத்தவர் கண்ணாடிப் பெட்டிக்குப் போனார், விருந்தாளி தீவுக்குப் போனார். நிலத்தைத் திருப்பிக் கொடுத்தார் என்று சொல்லும்போது, யாரிடம் திருப்பிக் கொடுத்தார் என்று கேட்காமல் என்னால் இருக்க முடியவில்லை.

பார்த்ததாகச் சொல்லிக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தீர்கள். எரிமலையைப் பார்த்ததாகச் சொல்லாதீர்கள். அந்த வழியைக் கடந்ததாகத் தாராளமாகச் சொல்லலாம். ரோமப் பொதியோடு போனவன் எவனும் நின்று ஒசோர்னோவை ரசித்திருக்கப் போவதில்லை. பொதி நனையாமல் இருக்கிறதா என்றுதான் பார்த்திருப்பான். (பைக்காராவைப் பொறுத்தவரை, எனக்கும் பைக்காரா பிடிக்கும். ஐந்நூறு ரூபாய்க்கு அது மோசமில்லை.)

நாத்தனாரைப் போகச் சொல்லுங்கள். புவெர்ட்டோ வராஸில் இரண்டு நாள் கூடுதலாகத் தங்கட்டும். ஏரிக்கரையில் சும்மா உட்கார்ந்திருந்தாலே, மேகம் விலகும் நேரத்தில் ஒசோர்னோ எதிரே தெரியும், அதற்குத் தனியாக 200 டாலர் தேவையில்லை. சைவம் என்றால் பெயுயாவில் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம், ரொட்டியும் சீஸும் கையில் இருக்கட்டும், எல்லை வருவதற்குள் தின்று தீர்த்துவிடட்டும்.

ஜனவரி என்றதும் மறந்தே போனேன். அந்த மாதம் மழை குறைவு, ஆனால் பெத்ரொவே துறையில் தாபானோ என்ற மாட்டீ மொய்க்கும். கட்டைவிரல் நகம் பெரிசு, உடம்பெல்லாம் கறுப்பும் ஆரஞ்சுமாக. தலையைச் சுற்றிச் சுற்றி வரும், விரட்டினால் போகாது. இருண்ட நிறத்தைக் கண்டால் விடவே விடாது. என் கருநீலச் சட்டையை நம்பி ஒரு பத்துப் பதினைந்து குடும்பம் நடத்தின. வெளிர் நிறத்தில் ஏதாவது உடுத்திக்கொள்ளச் சொல்லுங்கள்.

அன்புடன்.