ரெட்டினாவுல (விழித்திரையில) காவல் செல்லுங்க எங்கெங்க இருக்கு?

கேள்வி: கண்ணுக்குள்ள நோய் எதிர்ப்பு சக்தி எட்டிப் பாக்காதுன்னு காலேஜ்ல படிச்சேன். இப்போ பாத்தா ரெட்டினாவுக்குள்ளயே இம்யூன் செல் நிரந்தரமா இருக்குன்னு சொல்றாங்க. எது சரி சார்?

பதில்: ரெண்டுமே சரிதாங்க, ஆனா ரெண்டும் வேற வேற செல்லைப் பத்தின பேச்சு. ரத்தத்துல சுத்துற டி செல், பி செல்ங்கற நோய் எதிர்ப்பு செல்லை எல்லாம் ஆரோக்கியமான ரெட்டினாவுல பாக்கறதே அபூர்வம், ஏன்னா அங்க ரத்தக்குழாய் சுவர்ல இருக்கற செல்லுங்க இடைவெளியே இல்லாம ஒட்டியிருக்கு, பின்பக்கம் இருக்கற பிக்மென்ட் எபிதீலியம்ங்கற நிறமி செல் வரிசையும் அதே மாதிரி அடைச்சு நிக்குது. 1948ல பீட்டர் மெடவார் ஒரு முயலோட தோலை இன்னொரு முயலோட கண்ணுக்குள்ள வச்சுப் பாத்தாரு, உடம்புல வேற இடமா இருந்தா சீக்கிரமே நிராகரிச்சிடும், கண்ணுக்குள்ள அது தாக்குப் பிடிச்சது. நீங்க காலேஜ்ல படிச்சது இந்த வழியில வந்த விஷயம்.

ரெட்டினாவுக்குள்ளயே நிரந்தரமா இருக்குன்னு நீங்க கேட்ட செல்லுக்குப் பேரு மைக்ரோக்ளியா, அது வெளியிலேர்ந்து வர்ற ஆள் இல்ல. கரு உருவாகற ஆரம்பத்துலயே மஞ்சள்கருப் பையில பிறந்து மூளைக்கும் ரெட்டினாவுக்கும் போய் அங்கயே தங்கிடற செல் அது. தங்கறதும் கண்ட இடத்துல இல்ல. நரம்பு செல்லுங்க ஒண்ணுக்கொண்ணு சிக்னல் கைமாத்துற அடுக்கு ரெட்டினாவுல ரெண்டு இருக்கு, உள் பிளெக்ஸிஃபார்ம், வெளி பிளெக்ஸிஃபார்ம்னு பேரு, அந்த ரெண்டுலதான் பெரும்பாலும் இருக்கும், மூளைக்கு சிக்னல் அனுப்பற கேங்க்லியான் செல் அடுக்குலயும் கொஞ்சம். ஒளியை வாங்கற ராட், கோன் செல்லோட நியூக்ளியஸ் எல்லாம் நெருக்கமா அடுக்கியிருக்கற வெளி நியூக்ளியர் அடுக்குல மட்டும், நல்ல கண்ணுன்னா, கிட்டத்தட்ட ஒண்ணு கூட இருக்காது.

வயல்ல ஆளுக்கொரு பாத்தி பிரிச்சு விட்ட மாதிரி ஒவ்வொரு செல்லும் தனக்குன்னு ஒரு பரப்பை வச்சுக்கும். உடல் ரொம்பச் சின்னது, அதுலேர்ந்து மெல்லிசா கிளை கிளையா பிரியுற கைங்க, மைக்ரோக்ளியா பச்சையா ஒளிர்ற மாதிரி மரபணு மாத்தின எலியோட ரெட்டினாவை மைக்ராஸ்கோப்ல பாத்தா உடல் நகராம ஒரே இடத்துல இருக்கும், கைங்க மட்டும் நிமிஷத்துக்கு நிமிஷம் நீண்டு சுருங்கி அக்கம்பக்கத்தைத் தடவிக்கிட்டே இருக்கும். எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச விஷயம் 2019ல எலியில கண்டுபிடிச்சது: உள் பிளெக்ஸிஃபார்ம்ல இருக்கறதுல பெரும்பகுதி ஐஎல்-34ங்கற புரதத்தை நம்பி வாழுது, அதைத் தர்றது கேங்க்லியான் செல், ஆனா வெளி பிளெக்ஸிஃபார்ம்ல இருக்கறதுக்கு அது தேவையே இல்ல. பாக்க ஒரே மாதிரி இருக்கு, பொழைப்பு வேற வேற!

கேள்வி: என் அண்ணனுக்கு ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா, மரபணுக் கோளாறால ரெட்டினா அழிஞ்சுக்கிட்டே வர்ற நோய். இந்த மைக்ரோக்ளியா செல்லுங்கதான் பார்வையைத் தின்னுதுன்னு படிச்சேன். இதை அழிச்சிட்டா சரியாகிடுமா?

பதில்: உங்க கவலை புரியுதுங்க. இந்த நோய்ல ராட் செல்லுங்க சாக ஆரம்பிச்சதும் மைக்ரோக்ளியா தன் இடத்தை விட்டு, நான் மேல சொன்ன அந்த வெளி நியூக்ளியர் அடுக்குக்குள்ள நுழையுது, செத்ததை மட்டுமில்லாம உயிரோட இருக்கற ராட் செல்லையும் விழுங்குதுன்னு 2015ல எலியில காட்டினாங்க. நீங்க படிச்சது இதுவாத்தான் இருக்கும். ஆனா ஆரம்பம் மரபணுக் கோளாறுதான், மைக்ரோக்ளியா பின்னாடி வந்து சேர்றது. அதோட, அந்த 2019 ஆராய்ச்சியிலயே இன்னொண்ணும் தெரிஞ்சது, ராட், கோன் அழியும்போது பிக்மென்ட் எபிதீலியம் வரைக்கும் போய்ச் சேர்ற மைக்ரோக்ளியா அந்த வரிசையைக் காப்பாத்துது, மொத்தமா எடுத்துட்டா சேதம் அதிகமாச்சு. அதனால அழிச்சிட்டா சரியாகிடும்னு யாராவது மருந்து வித்தா தயவுசெஞ்சு வாங்காதீங்க. அண்ணனை ரெட்டினா ஸ்பெஷலிஸ்ட்கிட்ட கூட்டிட்டுப் போய் ஜெனடிக் டெஸ்ட் பத்திக் கேளுங்க, எந்த மரபணுன்னு தெரிஞ்சா மேற்கொண்டு என்ன வழி இருக்குன்னு அவங்க சொல்லுவாங்க.

கேள்வி: அப்போ ரெட்டினாவுல மைக்ரோக்ளியா மட்டும்தானா?

பதில்: இல்லைங்க. ரத்தக்குழாயை ஒட்டி மேக்ரோஃபேஜ்ங்கற, கழிவையும் கிருமியையும் விழுங்கற செல் இருக்கு, ரெட்டினாவோட முன்பக்கம் விட்ரியஸ்ங்கற ஜெல்லுல ஹயலோசைட்னு இன்னொரு இம்யூன் செல். பின்னாடி இருக்கற கோராய்டுங்கற ரத்தக்குழாய் அடுக்குலதான் கூட்டம் ஜாஸ்தி, மேக்ரோஃபேஜ், மாஸ்ட் செல், டென்ட்ரிட்டிக் செல்னு பல வகை இம்யூன் செல் அங்க உண்டு. ரெட்டினா மேற்பரப்புல இருக்கற மேக்ரோஃபேஜ் மாதிரி செல்லை 2020லயே எந்தச் சாயமும் ஏத்தாம, உயிரோட இருக்கற மனுஷக் கண்ணுலயே கண்ணோட ஒளிப்பிழையைத் திருத்திக்கிட்டே எடுக்கற அடாப்டிவ் ஆப்டிக்ஸ் கேமரா வச்சுப் படம் பிடிச்சிட்டாங்க.