பையன் என்றால் போக்சோ கிடையாதா?

கேள்வி: "எங்கள் வீடு வட சென்னை கொருக்குப்பேட்டையில். மகனுக்கு 15 வயது, பத்தாவது படிக்கிறான். ஸ்பெஷல் கிளாஸ் முடிந்ததும் வீட்டுக்கு வரச் சொல்லி, அவன் டீச்சரே சில மாதமாக அவனிடம் தப்பாக நடந்திருக்கிறார். போனில் மெசேஜைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. 'ஆம்பளப் பையன்தானே, என்ன போச்சு, விடு அண்ணி' என்கிறாள் என் நாத்தனார். டி.சி. வாங்கிக்கொண்டு போங்கள் என்கிறார் ஹெச்.எம். ஏரியாவில் ஒருவர் மூன்று லட்சத்துக்குப் பேசி முடித்துத் தருகிறேன் என்கிறார். புகார் கொடுத்தால் பழியைப் பையன் மேலேயே திருப்பிவிடுவேன் என்று டீச்சர் மிரட்டுகிறாராம். பையனுக்காக, அதுவும் ஒரு பெண் மேல், கேஸ் போட முடியுமா? வீட்டுக்காரர் மீன்பிடி லாஞ்சில் போயிருக்கிறார், வர பத்து நாள் ஆகும்."

பதில்: போட முடியும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில் 18 வயது முடியாத எல்லோருமே குழந்தைதான். ஆணா, பெண்ணா என்று அந்தச் சட்டம் கேட்பதில்லை. 2012 நவம்பர் 14-ல் அது நடைமுறைக்கு வந்தது. இத்தனை வருடம் கழித்தும் படித்த ஹெச்.எம்.களுக்கே இந்த ஒரு வரியை எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

செய்தது பெண் என்றாலும் சட்டம் பாயும். கடுமையான பிரிவுகள் ஆண்களுக்கு மட்டும்தான் என்று சிலர் வாதாடிப் பார்த்தார்கள். டெல்லி உயர் நீதிமன்றம் 2024-லும் கர்நாடக உயர் நீதிமன்றம் 2025-லும் அதை ஏற்கவில்லை. "அவனே விரும்பித்தான் போனான்" என்ற பேச்சும் எடுபடாது. 18 வயது ஆகாதவனின் சம்மதத்துக்குச் சட்டத்தில் மதிப்பே கிடையாது. உங்கள் மகனே அப்படிச் சொன்னாலும் சரி, அவன் மேல் கோபப்படாதீர்கள்.

அடுத்தது தண்டனை. சாதாரண ஆள் செய்தால் ஒரு தண்டனை, பள்ளியில் வேலை பார்ப்பவர் அங்கே படிக்கும் குழந்தையிடம் செய்தால் அதைவிடப் பெரிய தண்டனை. நம்பிக்கைக்குரிய இடத்தில் இருந்துகொண்டு செய்ததும், ஒரு தடவைக்கு மேல் செய்ததும்கூடக் குற்றத்தைப் பெரிதாக்கும். அதனால் "பள்ளியில் நடக்கவில்லை, வீட்டில்தானே" என்று தப்பிக்க முடியாது. நடந்தது எந்த அளவு என்பதைப் பொறுத்துப் பிரிவு மாறும். மிகக் கடுமையான பிரிவு 6 என்றால் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சமே 20 ஆண்டு. "பெண், சின்னக் குழந்தை இருக்கிறது, முதல் தப்பு" என்று நீதிபதி இரக்கப்பட்டாலும் அதற்குக் கீழே போக முடியாது. 1997-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், பன்னிரண்டு வயது மாணவனோடு உறவு வைத்திருந்த ஆசிரியைக்கு ஏழரை ஆண்டு விதித்து, சில மாதம் மட்டும் சிறையில் இருந்தால் போதும் என்று அனுப்பிவைத்தார்கள். பிரிவு 6-ல் அந்த மாதிரிச் சலுகைக்கு இடமில்லை.

அப்படியானால் நம்மிடம் ஆண், பெண் பாகுபாடே இல்லையா? இருக்கிறது. தீர்ப்பில் இல்லை, உங்கள் வீட்டு வாசலுக்கும் எஃப்.ஐ.ஆருக்கும் நடுவில் இருக்கிறது. இதே காரியத்தை ஒரு வாத்தியார் ஒரு பெண் குழந்தையிடம் செய்திருந்தால் மறுநாள் காலையில் ஸ்கூல் கேட் முன்னால் தெருவே உட்கார்ந்திருக்கும், மதியத்துக்குள் ஆளைப் பிடித்திருப்பார்கள். பையன் என்றதும் நாத்தனார் சிரிக்கிறார், ஹெச்.எம். டி.சி. நீட்டுகிறார், ஸ்டேஷனில் ஒருவர் இன்னொருவரைப் பார்த்துக் கண்ணடிக்கிறார். மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் அமைச்சகம் 2007-ல் ஓர் ஆய்வு வெளியிட்டது. பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்ன குழந்தைகளில் பாதிக்கு மேல், 52.94 சதவீதம், பையன்கள். அந்தக் கணக்கை அரசு அச்சடித்து அலமாரியில் வைத்துவிட்டது. ஸ்டேஷன் வரைக்கும் அது வந்து சேரவில்லை.

உங்கள் ஹெச்.எம்.முக்கு ஒரு தகவல். தனக்குக் கீழே வேலை செய்பவர் இப்படிச் செய்தார் என்று தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாமல் இருந்தால், நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. டி.சி. வாங்கிக்கொண்டு நீங்கள் போய்விட்டால் பிரச்சினையும் கூடவே போய்விடும் என்பது அவர் கணக்கு. வாங்காதீர்கள்.

இப்போது அந்த மூன்று லட்சத்துக்காரர். இவரைப் பற்றித்தான் நான் அதிகம் எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் வண்ணாரப்பேட்டையிலிருந்து எண்ணூர் வரைக்கும் இப்படி ஒருவர் இல்லாத ஏரியாவை நான் பார்த்ததில்லை. சிலர் கட்சித் துண்டோடு வருவார்கள். சிலர் காரில் 'மனித உரிமை' என்று போர்டு மாட்டிக் கழுத்தில் அட்டை தொங்கவிட்டு வருவார்கள். அந்த அட்டைக்கு எந்த அதிகாரமும் இல்லை, காசு கொடுத்தால் பிரிண்டிங் கடையில் கிடைக்கும். இவர்கள் இரண்டு பக்கமும் வாங்குவார்கள். டீச்சர் வீட்டில் எட்டு லட்சம் பேசியிருப்பார்கள், உங்களிடம் மூன்று என்று சொல்வார்கள். அப்புறம் ஒரு வெள்ளைத்தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். ஆறு மாதம் கழித்து வேறு யார் மூலமாகவோ வழக்கு வந்தால், அந்தத் தாளில் "பணம் பறிக்கப் பொய் சொன்னோம்" என்று எழுதியிருக்கும். கையெழுத்து உங்களுடையது.

பணம் வாங்கினாலும் வழக்கு சாகாது என்பதை அவர் சொல்லமாட்டார். ராஜஸ்தானில் ஓர் ஆசிரியர் மீதான வழக்கை, இரு தரப்பும் சமாதானம் ஆகிவிட்டார்கள் என்று உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவைத் தூக்கி எறிந்து, இது இரண்டு பேர் பேசி முடித்துக்கொள்ளும் விஷயம் இல்லை என்று சொல்லிவிட்டது. இந்தச் செய்தியை உங்கள் ஏரியாக்காரரிடம் காட்டுங்கள், மறுபடி வரமாட்டார். மைக் நீட்டும் யூடியூப் சேனல்காரர்களும் இதே ரகம்தான். முகத்தை மறைத்துவிடுகிறோம் என்பார்கள். தெருப் பெயரும் பள்ளிக்கூட போர்டும் வீடியோவில் ஓடும். குழந்தையின் அடையாளம் தெரிய வைப்பதே குற்றம்.

சரி, ஸ்டேஷன். உங்கள் பகுதி அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போங்கள். பெயரைப் பார்த்துவிட்டுப் பையன் வழக்கை எடுப்பார்களா என்று பலர் தயங்குகிறார்கள். எடுக்க வேண்டும். வேறு ஸ்டேஷனுக்குப் போனாலும் எங்கள் எல்லை இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. பையனைக் கூட்டிக்கொண்டு போக அவசியமில்லை. வாக்குமூலம் வாங்க அதிகாரி யூனிஃபார்ம் இல்லாமல் வீட்டுக்கு வர வேண்டும், நீங்கள் பக்கத்தில் இருக்கலாம்.

இங்கே இரண்டு பொறி. முதலாவது சி.எஸ்.ஆர். மனுவை வாங்கிக்கொண்டு ஒரு ரசீதைக் கையில் கொடுத்து "விசாரிக்கிறோம், போய்ட்டு வாங்கம்மா" என்பார்கள். அது எஃப்.ஐ.ஆர். இல்லை. அந்த ரசீதைப் பத்திரமாகப் பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்துக்கொண்டு, கேஸ் நடக்கிறது என்று மாதக்கணக்கில் நம்பியிருந்த தாய்மார்களைப் பார்த்திருக்கிறேன். எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகக் கொடுத்தாக வேண்டும், வாங்காமல் எழுந்திருக்காதீர்கள். போக்சோ புகாரைப் பதிவு செய்யாத போலீஸ்காரருக்கே தண்டனை உண்டு. யாருக்காவது கொடுத்தார்களா என்று கேட்காதீர்கள், எனக்கு பி.பி. ஏறுகிறது.

இரண்டாவது, பிரிவைக் குறைத்துப் போடுவது. வாத்தியார் செய்தால் பிரிவு 6 போடுகிற அதே கை, டீச்சர் என்றதும் வெறும் பாலியல் தொந்தரவுக்கான பிரிவு 12 என்று எழுதும். 12 என்றால் அதிகபட்சமே மூன்று ஆண்டு. மெசேஜ் அனுப்பியதை மட்டும் எழுதிக்கொண்டு மற்றதை விட்டுவிடுவார்கள். நகலில் பிரிவு எண்ணைப் பாருங்கள். புரியாவிட்டால் உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் காட்டுங்கள், வழக்கறிஞரும் இலவசமாகக் கிடைப்பார். கேட்டுக்குப் பக்கத்தில் "எந்த கேஸும்மா?" என்று வருபவரோடு டீ குடிக்கப் போகாதீர்கள்.

டீச்சருக்குச் சீக்கிரம் ஜாமீன் கிடைக்கலாம். பெண் என்பதை ஜாமீனில் கணக்கில் எடுக்கச் சட்டமே இடம் கொடுக்கிறது. அதற்காக வழக்கு முடிந்தது என்று தெருவில் சொல்பவர்களை நம்ப வேண்டாம்.

பழியைத் திருப்புவேன் என்ற மிரட்டலுக்குப் பயப்படத் தேவையில்லை, ஆனால் தாமதிக்கவும் கூடாது. அவர் புகார் கொடுத்தாலும் உங்கள் மகன் போக வேண்டியது சிறைக்கு இல்லை, சிறார் நீதிக் குழுமத்துக்கு. ஒரு பெரியவர் பத்தாம் வகுப்புப் பையனுக்கு ராத்திரியில் அனுப்பிய மெசேஜ்கள் யார் யாரைத் தேடிப் போனார்கள் என்பதைச் சொல்லிவிடும். அதனால் போனில் எதையும் அழிக்காதீர்கள். ரெகவரி செய்கிறேன் என்கிற மொபைல் கடைக்கும் கொடுக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட்டைச் சொந்தக்காரர் குரூப்பில் போடவே கூடாது. ஆபாசப் படம் ஏதாவது இருந்து அதை ஃபார்வர்டு செய்தால் கேஸ் உங்கள் மேலும் வரும். போனை அப்படியே போலீசில் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

வயது விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். உங்கள் மகனுக்கு 15 என்பதால் கவலையில்லை, ஆனால் இதைப் படிக்கும் பிளஸ் டூ பெற்றோர் கவனிக்க வேண்டும். புகார் கொடுத்த தேதி கணக்கில்லை, சம்பவம் நடந்த அன்று 18 முடிந்திருந்ததா என்பதுதான் கணக்கு. 18 முடிந்த மாணவிக்கு நேர்ந்தால், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா இருக்கிறது, அதில் ஆசிரியர் என்று தனியாகவே குறிப்பிட்டுக் குறைந்தபட்சம் பத்தாண்டு வைத்திருக்கிறார்கள். 18 முடிந்த மாணவனுக்கு? அப்படி ஒரு பாலியல் குற்றப் பிரிவு இல்லை. பாலியல் வன்கொடுமைப் பிரிவு பெண்ணுக்கு மட்டும். இயற்கைக்கு மாறான உறவைத் தண்டித்த, ஆணுக்கும் பொருந்திய பழைய 377-ஆம் பிரிவையும் 2024 ஜூலை 1-ல் வந்த புதிய சட்டத்தில் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள். டெல்லியில் உட்கார்ந்து நூற்றுக்கணக்கான பிரிவுகளை எழுதியவர்களுக்கு இது தெரியாமல் போனதா, தேவையில்லை என்று நினைத்தார்களா, அவர்களைத்தான் கேட்க வேண்டும். நம் பக்கத்தில் நடுவில் ஒரு வருடம், இரண்டு வருடம் படிப்பை விட்டு, வேலைக்குப் போய்த் திரும்பி வந்து பிளஸ் டூ எழுதும் பையன்கள் நிறைய. அவர்களில் பலருக்கு 18 தாண்டியிருக்கும். அவர்களுக்கு நேர்ந்தால் மிரட்டல், காயம் மாதிரியான பொதுப் பிரிவுகளும் துறை நடவடிக்கையும்தான் மிச்சம்.

வயதுக்குச் சான்று என்றால் முதலில் பள்ளி அல்லது தேர்வு வாரியச் சான்றிதழ், அது இல்லையென்றால் மாநகராட்சி பிறப்புச் சான்றிதழ், இரண்டும் இல்லாதபோதுதான் எலும்புப் பரிசோதனை. ஆதார், ரேஷன் கார்டு, ஜாதகம் எதுவும் நிற்காது. ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது வாய்க்கு வந்த ஜூன் தேதியைச் சொல்லிவைத்த வீடுகள் நம்மிடம் ஏராளம். இரண்டு சான்றிலும் தேதி வேறு வேறாக இருந்தால் இப்போது திருத்தப் போகாதீர்கள். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அதைவிட நல்ல ஆயுதம் கிடைக்காது. முதலில் உங்கள் வக்கீலிடம் சொல்லுங்கள்.

துறை நடவடிக்கை வேண்டுமென்றால் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417-க்குப் போன் செய்து பதிவு செய்யுங்கள். தப்பு செய்த ஆசிரியரைப் பணிநீக்கம் செய்து, சான்றிதழை ரத்து செய்வது வரை போக 2012-லேயே அரசாணை இருக்கிறது. ஆனால் துறை விசாரணை போலீஸ் புகாருக்குப் பதில் ஆகாது, "விசாரணைக் கமிட்டி போட்டிருக்கிறோம், பொறுங்கள்" என்றால் பொறுக்காதீர்கள். ஸ்டேஷனில் இழுத்தடித்தால் குழந்தைகள் உதவி எண் 1098.

மகனிடம் நடந்ததைத் திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள், நாத்தனார் கேட்கவும் விடாதீர்கள். ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் காட்டினால் சிகிச்சை இலவசம், தனியார் ஆஸ்பத்திரியும் இந்த மாதிரி வழக்கில் காசு கேட்கக் கூடாது. கோர்ட்டில் டீச்சரை நேருக்கு நேர் பார்க்காதபடி மறைப்பு வைப்பார்கள், கதவைச் சாத்திவிட்டுத்தான் விசாரிப்பார்கள். பரீட்சைக்கு அவன் எப்போதும்போலப் போகலாம்.

கணவர் கரைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டாம். புகாருக்கு அப்பா கையெழுத்துத் தேவை என்று யாராவது சொன்னால் பொய். நாளைக் காலையில் மகனின் பிறப்புச் சான்றிதழ் நகல், போன், சார்ஜர், நடந்ததைத் தெரிந்தவரை தேதியோடு எழுதிய ஒரு தாள், இவற்றோடு நீங்கள் மட்டும் போனால் போதும்.