கணக்கில் தெரியாத பணம் வந்தால்

சகோதரி, கணக்கில் யாரென்றே தெரியாமல் 48,000 ரூபாய் வந்திருக்கிறது, வங்கியும் கேட்கவில்லை, ஸ்கூல் ஃபீஸ் கட்டிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து தொடாதீர்கள். தவறுதலாக வந்த பணத்தைத் திருப்பித் தந்தாக வேண்டும் என்று 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 72ஆவது பிரிவே சொல்கிறது. 2023 செப்டம்பரில் சென்னையில் ஒரு டாக்சி ஓட்டுநரின் கணக்கில் 9,000 கோடி ரூபாய் வந்து விழுந்தது. நிஜம்தானா என்று பார்க்க நண்பருக்கு 21,000 அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் மீதியை வங்கியே எடுத்துக்கொண்டது.

நாளைக் காலையில் பாஸ்புக்கில் என்ட்ரி போட்டு, அந்த வரியில் இருக்கும் யூடிஆர் எண்ணை (ஒவ்வொரு பணப் பரிமாற்றத்துக்கும் தரப்படும் தனி அடையாள எண்) குறிப்பிட்டு மேலாளருக்குக் கடிதம் கொடுங்கள். நகலில் சீல் வாங்காமல் வராதீர்கள். அப்புறம், "என் பணம்தான், ஜிபேயில் அனுப்பிடுங்க" என்று யாராவது போன் செய்தால் அனுப்பவே கூடாது. அது மோசடிப் பணமாக இருந்தால் முடங்குவது உங்கள் கணக்குதான். வங்கி வழியாகவே திரும்பிப் போகட்டும்.