நுவரெலியாக் குளிரில் கட்டிபடும் நனோகுழாய்கள்

கேள்வி: ஒற்றைச் சுவர்க் காபன் நனோகுழாய்களின் (காபன் அணுக்களாலான மிக நுண்ணிய குழாய்கள்) தூளை 1% எஸ்.டி.எஸ். (சோடியம் டொடெசைல் சல்பேற்று என்னும் சவர்க்காரப் பொருள்) கரைசலில் இட்டு, ஒலியதிர்வு கொடுத்துக் கறுப்பு மையாக்கினேன். மறுநாள் காலையில் போத்தலின் அடியில் வெள்ளை ஊசிகளும் கரிக்கட்டிகளும் கிடந்தன. எஸ்.டி.எஸ். இன்னும் சேர்க்கலாமா? குழாய்களை ஒரே திசையில் அடுக்குவது எப்படி?
— இரசாயனவியல் மாணவி, நுவரெலியா

பதில்: சேர்க்க வேண்டாம். 100 மில்லிலீற்றருக்கு 1 கிராம் தாராளம். சவர்க்கார மூலக்கூறுகள் ஒன்றுகூடிய நுண்ணுருண்டைகளான மிசெல்கள் உருவாகத் தொடங்குவதே ஏறத்தாழ 0.24 கிராமில்தான். அளவுமீறினால், இரு குழாய்களுக்கு இடையே நுழைய முடியாத மிசெல்கள் வெளியிலிருந்து நெருக்கி அவற்றை ஒட்டவைத்துவிடும்.

காரணம் குளிர். சுமார் 16 பாகை செல்சியசுக்குக் கீழே எஸ்.டி.எஸ். பளிங்காகிப் பிரியும், உங்கள் ஊர் இரவுக்கு அது சாதாரணம். குழாய்களைப் போர்த்திப் பிரித்து வைத்திருப்பது எஸ்.டி.எஸ்.தான். அந்தக் காவல் இழந்த குழாய்கள் உடனே ஒட்டிக்கொள்ளும். தொட்டிருக்கும் ஒவ்வொரு மைக்ரோமீற்றர் நீளத்துக்கும் பிணைப்புச் சக்தி ஏறத்தாழ 500 இலத்திரன்வோல்ற்று! போத்தலை 30 பாகைக்குச் சூடாக்கினால் ஊசிகள் கரையும், கட்டிகள் பிரியா. மறுபடி அதிர்வு கொடுத்தே ஆகவேண்டும்.

மலைநாட்டு ஆய்வுகூடத்துக்குச் சோடியம் டிஓக்சிகோலேற்றே ஏற்றது. இந்தப் பித்த உப்பு குளிரில் பளிங்காகாது. ஆனால் பீ.எச். 8க்குக் கீழே இறங்கினால் ஜெலியாகிவிடும். 9 அளவில் வைத்திருங்கள். 1% கரைசல் 100 மில்லிலீற்றருக்கு 10 மில்லிகிராம் குழாய் போதும். உலர்ந்த தூள் மூச்சில் போகக்கூடாது, புகைக்கூண்டுக்குள்ளேயே (காற்றை உறிஞ்சி வெளியேற்றும் ஆய்வுகூடப் பெட்டி) நிறுங்கள். அதிர்வுக் கோலின் நுனி திரவ மட்டத்துக்கு நன்கு கீழே, அடியைத் தொடாமல் நிற்கட்டும். மேலே வந்தால் நுரைதான் மிஞ்சும். பாத்திரத்தை ஐஸில் வைத்து, விட்டு விட்டு அரை மணி நேரம் கொடுங்கள். நீட்டிக்கொண்டே போனால் குழாய்கள் துண்டாகும். பிறகு மையநீக்கியில் சுழற்றி, மேல்பகுதியை மட்டும் எடுங்கள். சாதாரண மேசைக் கருவி பெருங்கட்டிகளைத்தான் இறக்கும். 2002இல் தனித்தனிக் குழாய்களைப் பிரித்தவர்கள் புவியீர்ப்பின் 122,000 மடங்கில் 4 மணி நேரம் சுழற்றினார்கள்.

அடுக்குவதற்கு, அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகக் குழு 2016இல் காட்டிய வழி மெதுவான வடிகட்டல். கலவையைப் பத்து மடங்கு ஐதாக்கி, டிஓக்சிகோலேற்றை மிசெல் உருவாகத் தொடங்கும் செறிவுக்குக் கீழே கொண்டுவாருங்கள். நுண்துளைப் பொலிகாபனேற்று மென்சவ்வின்மேல் ஊற்றி, மணிக்கு 1 முதல் 2 மில்லிலீற்றர் மட்டுமே இறங்கும்படி மெல்லிய வெற்றிடம் கொடுங்கள். இங்கே பொறுமைதான் எல்லாம். அவசரப்பட்டு உறிஞ்சினால் குழாய்கள் திரும்பிப் படுக்க நேரமிராது.

கிடைத்த படலத்தைக் கண்ணாடிக்கு மாற்றி, மேலே ஒரு முனைவாக்கித் தாளை (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் தாள்) சுழற்றிப் பாருங்கள். ஒவ்வொரு கால் சுற்றுக்கும் இருளும் வெளிச்சமும் மாறினால் குழாய்கள் ஒரே திசையில் படுத்திருக்கின்றன. மாறாவிட்டால் வடிகட்டிய வேகத்தையும் டிஓக்சிகோலேற்றின் செறிவையும் முதலில் சரிபாருங்கள்.