ஹிமாலயன் பைக்குக்கு அலுமினியப் பெட்டி வாங்குவதா, பை மாட்டுவதா, உள்ளூர்ப் பட்டறையில் செய்துகொள்வதா?

கேள்வி கேட்டவர் கிருஷ்ணகிரிக்காரர். பழைய 411 சிசி ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் ஒன்றை வாங்கியிருக்கிறார். ஆண்டுக்கு ஒரு நீண்ட பயணம், மற்ற விடுமுறைகளில் மலைப் பக்கம் சுற்றல், சாமானுக்கென்று ஒதுக்கியிருப்பது பதினைந்தாயிரம் ரூபாய்.

சுருக்கமான பதில்: பை மாட்டும் இரும்புச் சட்டத்தைப் பட்டறையில் செய்யுங்கள், பையைத் தார்ப்பாய் தைப்பவரிடம் தைத்துக்கொள்ளுங்கள், அலுமினியப் பெட்டியை மறந்துவிடுங்கள். மிச்சமாகும் பணத்தில் நல்ல போல்ட்டுகளும் முன் சக்கரத்துக்கு ஒரு டியூபும் வாங்கி வையுங்கள். நான் தருமபுரியில் இருக்கிறேன், இதே வண்டியை ஆறு ஆண்டுகளாக ஓட்டுகிறேன். கீழே வரும் தவறுகள் அத்தனையும் நானே செய்தவை.

முதல் தவறு, வண்டி வந்த மாதமே ஒரு பெரிய டாப் பாக்ஸை வாங்கிப் பின் கேரியரில் மாட்டியது. பெட்டி பெரிதாக இருந்தால் நிரப்பத்தான் தோன்றும். வத்தல்மலைக்குக் கூடாரம், அடுப்பு, தண்ணீர், அம்மா கொடுத்தனுப்பிய முறுக்கு டப்பா எல்லாவற்றையும் அதற்குள் அடைத்துக்கொண்டு ஏறினேன். கொண்டை ஊசி வளைவில் வண்டியைத் திருப்புகிறேன், முன் சக்கரம் எனக்குக் கட்டுப்படாமல் அகலமாகப் போகிறது. டாப் பாக்ஸ் உட்காரும் இடம் பின் அச்சுக்கு மேலே, அதற்கும் சற்றுப் பின்னால். அங்கே வைக்கிற ஒவ்வொரு கிலோவும் ஏற்றமரத்தில் ஒரு பக்கம் ஏறி நின்றதுபோல மறுபக்கத்தைத் தூக்கும். ஏற்றத்தில் இன்னும் மோசம். அன்று விழவில்லை, அது வளைவின் அகலத்தால் வந்த அதிர்ஷ்டம். இப்போதும் அந்தப் பெட்டி வீட்டில் இருக்கிறது, அதில் வெங்காயம் போட்டு வைத்திருக்கிறார்கள்.

தினமும் ஓசூர் வேலைக்குப் போய்வருகிறவர் மழைச் சட்டையும் சாப்பாட்டுக் கூடையும் வைக்கச் சின்ன டாப் பாக்ஸ் மாட்டிக்கொள்ளட்டும், தவறில்லை. எடை குறைந்த சாமானுக்குத்தான் அந்த இடம்.

இரண்டாம் தவறைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பக்கவாட்டுப் பை மாட்ட ஒரு சட்டம் வேண்டுமென்று இங்கே ஒரு பட்டறைக்குப் போனேன். வீடு கட்டியபோது மிஞ்சிய 10 மி.மீ. கட்டுமானக் கம்பி என்னிடம் கிடந்தது. அதையே கொடுத்து வளைக்கச் சொன்னேன். பட்டறைக்காரர் வேண்டாமென்று ஒருமுறை சொன்னார், நான் கேட்கவில்லை. பார்க்க உறுதியாக இருந்தது. மூன்று மாதம் கழித்து அஞ்செட்டியிலிருந்து நாட்றாம்பாளையம் வழியாக ஒகேனக்கல் இறங்கும்போது வலது பக்கம் ஏதோ உரசும் சத்தம். சட்டத்தின் கீழ்க்கால் முறிந்து, பை சக்கரத்தை நோக்கிச் சாய்ந்துகொண்டிருந்தது.

பற்றவைத்த இடம் அப்படியே இருந்தது. அதற்கு ஒட்டினாற்போல ஓரத்தில்தான் கம்பி முறிந்திருந்தது. வெல்டிங் சூட்டில் அந்த ஓரத்து இரும்பின் தன்மை மாறிவிடுகிறது, ஒற்றை சிலிண்டர் எஞ்சினின் அதிர்வும் குழியில் விழுந்து எழும் அடியும் வந்து சேர்வதும் அதே இடத்தில்தான். வரியோடிய கட்டுமானக் கம்பி கான்கிரீட்டுக்குள் அசையாமல் கிடப்பதற்கென்றே செய்தது.

அந்த இடத்தில் என்னைக் காப்பாற்றியவர் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் காலிக் கேன்களோடு வந்த ஒரு பால்காரர். தம் கேன்களைக் கட்டியிருந்த பழைய சைக்கிள் டியூப் பட்டைகளில் இரண்டை அவிழ்த்து, முறிந்த காலுக்கு ஒரு குச்சியை அணை கொடுத்துச் சுற்றினார். சுற்றிக்கொண்டே சொன்னார்: “தம்பி, பாரம் தொங்கவும் வேண்டும், சாயவும் இடம் வேண்டும். நீங்கள் அசையவே விடாமல் இறுக்கி வைத்திருக்கிறீர்கள், அது உடைத்துக்கொண்டு வந்துவிட்டது.”

அதற்குப் பிறகுதான் அவர் வண்டியை நின்று பார்த்தேன். கேனின் பாரம் மேலே கொக்கியில் தொங்குகிறது. கீழே ஒரு வளைந்த பட்டை, அதில் பழைய டயர்த் துண்டைச் சுற்றியிருக்கிறார், கேன் அதன்மேல் சாய்ந்து நிற்கிறது. இரண்டு பக்கமும் சம எடை. பாதி நிரம்பிய கேனை ஏற்ற மாட்டாராம், பால் குலுங்கி வண்டியை ஆட்டும் என்பதால் ஒரு கேனை நிரப்பிய பிறகே அடுத்ததைத் திறப்பாராம். ஒரு நாற்பது லிட்டர் கேன் நிரம்பினால் பாலே நாற்பத்தொரு கிலோ வரும். நாம் ஒரு வாரப் பயணத்துக்கு எடுத்துப்போவது அதில் பாதிகூட இல்லை. எங்கள் ஊர்ப் பக்கம் விடியற்காலையில் பால் சொசைட்டி வாசலில் கால் மணி நேரம் நின்றால் போதும், சாமான் கட்டுவதைப் பற்றி வெளிநாட்டுப் படங்களில் பார்ப்பதைவிட அதிகம் தெரிந்துகொள்ளலாம்.

இரண்டாவது சட்டத்தை அந்த முறையில் செய்தேன். 16 மி.மீ. விட்டமும் 2 மி.மீ. தடிமனும் உள்ள எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) குழாய். ஒவ்வொரு பக்கமும் மூன்று பிடிமானம்: கேரியர் போல்ட் ஒன்று, பின்னால் உட்காருபவரின் கால்மிதியருகே ஒன்று, மூன்றாவது நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் இரண்டு பக்கச் சட்டத்தையும் இணைக்கும் குறுக்குக் குழாய். அந்தக் குறுக்குக் குழாயை விட்டுவிடாதீர்கள், அது இல்லாவிட்டால் சட்டம் சக்கரப் பக்கம் மடங்கும். மூலைகளுக்கு முக்கோணத் தகடு வைக்கச் சொல்லுங்கள். பிடிமானங்களில் இரும்பும் இரும்பும் நேராக முட்டாமல் டயர் ரப்பர் வாஷர். போல்ட் தலையில் 8.8 என்ற வலிமைக் குறி குத்தியிருக்கிறதா என்று பாருங்கள். நட்டு, உள்ளே நைலான் வளையம் உள்ளதாக இருக்கட்டும். எனக்குக் கூலியோடு 3,200 ரூபாய் ஆயிற்று, ரெட் ஆக்ஸைடும் கறுப்புப் பெயின்ட்டும் நானே அடித்தேன்.

ஒரு எச்சரிக்கை. அளவு பார்த்துச் சின்னச் சின்ன வெல்டிங் புள்ளி வைக்க மட்டும் வண்டியில் மாட்டுங்கள், முழு வெல்டிங்கையும் கழற்றி வைத்தே செய்யச் சொல்லுங்கள். அந்தப் புள்ளி வைப்பதற்குக்கூட பாட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, எஞ்சினை இயக்கும் மின்னணுப் பெட்டியான ஈசியூவின் இணைப்பையும் உருவிவிடுங்கள். பெட்ரோல் இஞ்செக்ஷன் வண்டியில் வெல்டிங் மின்சாரம் தவறான பாதையில் ஓடினால் சட்டத்துக்குக் கொடுத்த கூலியைப்போலப் பல மடங்கு செலவு வரும்.

இனிப் பெட்டியா பையா என்ற வழக்கு. அலுமினியப் பெட்டிக்குப் பூட்டு உண்டு, மழை புகாது, இறக்கி வைத்தால் உட்காரவும் செய்யலாம். லாட்ஜ் வாசலில் விட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். இந்த நன்மைகளை நான் மறுக்கவில்லை. நான் விசாரித்தபோது ஒரு ஜோடியும் அதன் சட்டமும் சேர்ந்து முப்பதாயிரத்தைத் தாண்டியது, உங்கள் கணக்குக்கு அங்கேயே கதை முடிகிறது. ஆனால் என் ஆட்சேபணை விலை அல்ல. மணலிலோ சேற்றிலோ மெதுவாகப் போகும்போது காலை ஊன்றுவோம். வண்டி முன்னே நகரும், ஊன்றிய கால் பின்னே போகும், பெட்டியின் கீழ் விளிம்பு கெண்டைக்காலில் ஏறும். சித்தேரிப் பக்கம் மழைக்குப் பிந்தைய மண் பாதையில் என் மைத்துனருக்கு இது நடந்தது. எலும்பு தப்பியது, இரண்டு வாரம் நொண்டினார். துணிப் பையாக இருந்தால் நசுங்கியிருக்கும், அவ்வளவுதான். தவிர, பெட்டிகள் மாட்டிய பின் பல வண்டிகளில் பின்புறம் கைப்பிடியைவிட அகலமாகிவிடும். கைப்பிடி நுழைந்த சந்தில் பெட்டி நுழையாது என்பது, ராயக்கோட்டையில் தக்காளி ஏற்றும் வண்டிகளுக்கு நடுவே புகுந்த பிறகு தெரிந்தால் பயனில்லை.

பைக்கு நான் பயன்படுத்தியது லாரிகளுக்கு மேலே போர்த்தும் பிவிசி தார்ப்பாய். தருமபுரியில் லாரிப் படுதா தைக்கும் கடையில் கொடுத்தேன். ஊசித் துளை வழியாகத் தண்ணீர் இறங்கும், ஆகையால் தையல்மேல் அதே துணியில் ஒரு பட்டையை வைத்துச் சூடான காற்றால் ஒட்டச் சொல்ல வேண்டும், அந்தக் கருவி அவர்களிடமே இருக்கும். வாய்க்கு ஜிப் வைக்காதீர்கள். புழுதி ஏறி மூன்றாம் மாதம் ஜிப் நின்றுவிடும். மூன்று மடிப்பு சுருட்டிப் பக்கிள் போடும் வாய்தான் நீடிக்கும். என் பைக்கு வெளியே நீலம், உள்ளே வெள்ளை. உள்ளே வெள்ளையாக இருப்பது பெரிய சௌகரியம், இருட்டில் கைவிட்டுத் துழாவ வேண்டியதில்லை. நான் சிரமப்பட்டுக் கற்றுக்கொண்ட இன்னொன்று: உரச் சாக்கின் உள்ளுறையை மழைக்கு உறையாகப் பயன்படுத்தலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். எத்தனை முறை கழுவினாலும் போர்வையில் அந்த வாசனை வரும்.

ஹிமாலயனின் சைலன்சர் வலது பக்கம் மேல்நோக்கி நிற்கிறது. வலப்பக்கப் பைக்கும் அதற்கும் நடுவே மூன்று விரல் இடைவெளியும், ஒரு அலுமினியத் தகடும் வேண்டும். இல்லாவிட்டால் தார்ப்பாய் உருகி, அதற்குள் இருக்கும் வேட்டியும் பொசுங்கும்.

கருவிகளுக்கென்று தனிப் பெட்டி வாங்க வேண்டாம். சொட்டுநீர்க் குழாய் விற்கும் கடையில் 110 மி.மீ. பிவிசி குழாய் ஒரு முழம் வெட்டி வாங்குங்கள். ஒரு பக்கம் மூடியை ஒட்டிவிடுங்கள், மறுபக்கம் திருகு மூடி. இடது சட்டத்தின் உட்புறத்தில் கீழே கட்டினால் ஸ்பேனர், டயர் நெம்பி, பஞ்சர்ச் சாமான், கிளட்ச் கேபிள் எல்லாம் அதற்குள் அடங்கும். எடையும் தாழ்வாக, முன்னோக்கி நிற்கும். டியூபை மட்டும் மறக்காதீர்கள். இந்த வண்டியின் முன் சக்கரம் 21 அங்குலம், பின் சக்கரம் 17. கிராமத்துப் பஞ்சர்க் கடைகளில் 17, 18 அங்குல டியூப் தொங்கும், 21 கேட்டால் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார்கள்.

ரப்பர் கொக்கிக் கயிறு வேண்டவே வேண்டாம். இழுத்து மாட்டும்போது கை நழுவினால் கொக்கி வரும் இடம் கண். சைக்கிள் டியூபை இரண்டு விரல் அகலத்துக்கு நீளமாகக் கீறி வைத்துக்கொள்ளுங்கள், பக்கிள் பட்டையோடு அதுவும் ஒன்று. தளராது, குழியில் விழும்போது தானே இழுபட்டுச் சுருங்கும்.

கூடுதல் பெட்ரோலுக்கான ஜெர்ரி கேன் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 15 லிட்டர் டேங்க், லிட்டருக்கு முப்பது கிலோமீட்டர் வந்தாலே நானூறைத் தாண்டும். லடாக் போகிறவர் அந்தக் கவலையைப் படட்டும். தளிக்கும் தேன்கனிக்கோட்டைக்கும் பச்சை நிறக் கேனைத் தொங்கவிட்டுப் போவது புகைப்படத்துக்குத்தான். டேங்கின் இருபுறமும் உள்ள கம்பிகளில் இரண்டு லிட்டர் தண்ணீர்ப் பாட்டில் ஒவ்வொன்றாகக் கட்டுங்கள், அதுதான் நம் வெயிலுக்குத் தேவை.

விளக்குகளை ஒரு வரியில் முடிக்கிறேன். 20 வாட் விளக்கு இரண்டு போட்டால் 12 வோல்ட்டில் சுமார் 3.3 ஆம்பியர், அதற்கு 5 ஆம்பியர் பியூஸும், சாவி திறந்தால் மட்டும் உயிர் பெறும் ரிலேயும் போதும், ஹார்ன் வயரை உரித்து முறுக்காதீர்கள்.

எல்லாம் மாட்டியபின் ஒரு நாள் வெள்ளோட்டம் விடுங்கள். கிருஷ்ணகிரியிலிருந்து ராயக்கோட்டை, கெலமங்கலம், தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, ஒகேனக்கல், பென்னாகரம், தருமபுரி என்று சுற்றி வாருங்கள். பின் ஷாக் அப்சார்பரின் ஸ்பிரிங் அழுத்தத்தைப் பாரத்துக்கேற்ப ஒரு படி கூட்டுங்கள், டயர்க் காற்றையும். ஐம்பது கிலோமீட்டருக்கு ஒருமுறை நின்று எல்லா போல்ட்டையும் விரலால் தொட்டுப் பாருங்கள், முதல் நாளில் குறைந்தது இரண்டு போல்ட் தளர்ந்திருக்கும். அஞ்செட்டிக் காட்டுப் பகுதியை மட்டும் பகலிலேயே கடந்துவிடுங்கள், நடுவில் நிறுத்தி போல்ட் பார்க்க வேண்டாம். அது யானைகள் கடக்கும் பாதை, சீசனில் பையில் மாம்பழம் வைத்துக்கொண்டு போவதும் புத்திசாலித்தனமில்லை.

தார்ப்பாய் தைக்க மழைக்காலத்துக்கு முன்னால் போகாதீர்கள். லாரிக்காரர்கள் வரிசையில் நிற்பார்கள், உங்கள் இரண்டு முழத் துணியை யாரும் கையில் வாங்க மாட்டார்கள். தை மாதம் போனால் டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்துத் தைத்துத் தருவார்கள்.